பழைய எம்எக்ஸ்-5 காரின் அடியில் கசிவு: அறிகுறியைக் கொண்டு மூலத்தைக் கண்டறியும் வழிமுறை

1989ஆம் ஆண்டு சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 காரை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அழைக்கப்பட்ட இந்த இரண்டு இருக்கைக் காரின் முதல் தலைமுறை 1997 வரை தயாரிக்கப்பட்டது. அவற்றுள் கடைசியாக வெளிவந்த கார்களுக்கே ஏறக்குறைய முப்பது வயதாகிவிட்டது. எஞ்சின் இரும்பு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் (கசிவை அடைப்பவை), ஓ-ரிங்குகள் (வட்ட ரப்பர் வளையங்கள்), ஹோஸ்கள் (ரப்பர் குழாய்கள்) ஆகியவை வெப்பத்தில் இறுகி, நெகிழ்ச்சியை இழந்து, கசியத் தொடங்கும். இதில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை. அஞ்சவேண்டியது தவறான முடிவுக்குத்தான். தரையில் ஆயில் கறையைக் கண்டவுடன் கிராங்க் ஷாஃப்டின் (எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டின்) பின்புற சீல் போய்விட்டது என்று தீர்மானித்து, கியர்பாக்ஸை இறக்கிப் பெரும் செலவு செய்து, அதன் பிறகும் அதே இடத்தில் அதே கறையைப் பார்த்தவர்கள் இந்தக் காரின் உரிமையாளர்களில் பலர் உண்டு. அவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையில் தேவைப்பட்டது மிக மலிவான ஒரு ஓ-ரிங் மட்டுமே.

ஆகவே இந்த வழிமுறை முழுவதற்கும் அடிப்படையான விதி ஒன்றுதான்: தரையில் திரவம் விழுந்த இடத்தை நம்பாமல், ஈரம் தென்படும் மிக உயரமான இடத்தையும், அதற்கும் முன்னால் எதுவரை ஈரம் இருக்கிறது என்பதையும் தேட வேண்டும். ஓடும்போது காற்று திரவத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நிற்கும்போது அது கீழ்நோக்கி இறங்குகிறது. இந்தக் காரில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. எஞ்சினின் முன்பகுதிக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டு, கசிந்த திரவத்தை ஏந்திவைத்துத் தன் பின்விளிம்பில் சொட்டவிடும். கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம், முன்னால் கசிந்த ஆயிலை வழிநெடுகக் கடத்திச் சென்று காரின் நடுப்பகுதியில் விடும்.

முதலில் செய்ய வேண்டியவை

காரைத் தூக்காமலேயே பாதி விடையைப் பெறலாம். சமதளமான இடத்தில் காரை நிறுத்தி, அடியில் வெள்ளை அட்டைகளை விரித்து, நான்கு சக்கரங்களின் இடத்தையும் அட்டையில் குறித்துவிட்டு இரவு முழுவதும் விட வேண்டும். காலையில் துளியின் இடம், நிறம், மணம், வழவழப்பு ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை இருக்கும். கியர் ஆயில் அதைவிடத் தடித்தது. கந்தக நெடி அடிக்கும். பவர் ஸ்டீயரிங்கிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலும் இருப்பது பொதுவாகச் சிவப்பு நிறத் திரவம். பிரேக் திரவம் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ மிக மெல்லியதாக இருக்கும், பழையதென்றால் கறுத்திருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இத்தனை ஆண்டுகளில் யார் எந்த நிறக் கூலன்டை ஊற்றினார்கள் என்பது தெரியாது. ஐயம் இருந்தால் ஒரு கிண்ணத் தண்ணீரில் அந்தத் துளியை விட்டுப் பார்க்கலாம். ஆயில் வகைகள் மேலே மிதக்கும். கூலன்டும் பிரேக் திரவமும் கரைந்துவிடும். எதையும் நாவில் வைத்துப் பார்க்கக் கூடாது. பெரும்பாலான கூலன்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, ஆனால் நஞ்சு. பூனையும் நாயும் அதை நக்கி உயிரிழக்கும் என்பதால், தரையில் தேங்கிய கூலன்டை உடனே கழுவிவிட வேண்டும்.

அடுத்தது சுத்தம் செய்தல். அலுப்புத் தட்டும் வேலைதான்; ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எந்தக் கண்டறிதலும் ஊகமாகவே முடியும் என்பது என் உறுதியான கருத்து. ஆல்டர்னேட்டர், காற்று அளவி, எஞ்சினின் பின்புறமுள்ள காயில் பேக் ஆகியவற்றை பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டு, குளிர்ந்த எஞ்சின் மீது டிகிரீசர் தெளித்துத் தேய்த்து, அழுத்தம் குறைந்த நீரால் கழுவி உலரவிட வேண்டும். பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் புதிய ஈரம் எங்கே தொடங்குகிறது என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால், எஞ்சின் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, சில நாட்கள் ஓட்டியபின் இருட்டில் புற ஊதா விளக்கால் பார்க்கலாம்.

காரின் அடியில் செல்வதற்கு முன் ஒன்று. முன்பக்கத்தை முன் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும், பின்பக்கத்தை டிஃபரன்ஷியல் கூட்டின் அடியிலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, பக்கவாட்டு விளிம்பில் குறிக்கப்பட்ட நான்கு வலுவான இடங்களில் ஸ்டாண்டுகளை நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்கக் கூடாது. இந்தக் காரில் பின் சக்கரத்துக்கு முன்னுள்ள பக்கவாட்டுப் பெட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும் இயல்புடையது. ஸ்டாண்டு வைக்கும் இடத்தைக் கையால் அழுத்தியும் தட்டியும் பார்த்து, உறுதியாக இருந்தால் மட்டுமே காரின் எடையை அதன் மேல் ஏற்ற வேண்டும்.

அறிகுறி: எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது

இதுதான் மிகுதியாகக் காணப்படும் அறிகுறி. மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. கீழே பார்ப்பதற்கு முன் மேலே பார்க்க வேண்டும். எஞ்சின் தலைப்பகுதியின் பின்முனையில், டேஷ்போர்டுச் சுவரை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் பொருத்தப்பட்டிருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் முனையால் சுழலும் இந்த உறுப்பை ஒரே ஒரு ஓ-ரிங் அடைத்துவைக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஓ-ரிங் பிளாஸ்டிக் வளையம் போல் இறுகிவிடும். அப்போது கசியும் ஆயில், தலையின் பின்சுவரில் இறங்கி, ஹீட்டர் ஹோஸ்களை நனைத்து, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் வழிந்து, கிராங்க் பின்புற சீல் கசிந்தால் எங்கே சொட்டுமோ மிகச் சரியாக அதே இடத்தில் சொட்டும்.

சோதிப்பது எளிது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்சாருக்கு அடியில் விரலை விட்டுத் தடவ வேண்டும். சிறிய கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் நன்று. அங்கே ஈரம் இருந்தால் வேறு எதையும் கழற்றுவதற்கு முன் இந்த ஓ-ரிங்கை மாற்ற வேண்டும். சென்சாரைச் சுழற்றிவைக்கும் கோணமே இந்த எஞ்சினின் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி எழும் நேரத்தை, தீர்மானிக்கிறது. ஆகவே போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் சென்சார் மீதும் எஞ்சின் மீதும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு கீறிவைத்துக்கொண்டு, திரும்பப் பொருத்தும்போது அந்தக் கோடுகளைச் சேர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் டைமிங் விளக்கால் சரிபார்ப்பது முறை: டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று குறிக்கப்பட்ட முனைகளை ஒரு கம்பியால் இணைத்த நிலையில், ஐடிலில் (கார் நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) 10 டிகிரி இருக்க வேண்டும். ஆயிலில் ஊறிய ஹீட்டர் ஹோஸ்கள் உப்பிக் குழைந்திருந்தால் அவற்றையும் இப்போதே மாற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் அடுத்த கசிவு கூலன்டாக இருக்கும்.

சென்சார் உலர்ந்திருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது வால்வு கவர் (எஞ்சின் தலையின் மேல்மூடி) கேஸ்கெட், அதாவது அந்த மூடியின் அடைப்பு. அதன் பின்மூலைகளில் கசிந்தால் ஆயில் இதே வழியில்தான் இறங்கும். ஸ்பார்க் பிளக் குழிகளில் ஆயில் தேங்கியிருப்பதும், எக்ஸாஸ்ட் பக்கம் ஒழுகிய ஆயில் சூடான மேனிஃபோல்டில் பட்டு, சிக்னலில் நிற்கும்போது கருகிய நெடி வருவதும் இந்தக் கேஸ்கெட்டின் அடையாளங்கள். கேஸ்கெட்டை மாற்றும்போது, கேம் மூடிகள் தலையோடு சேரும் மூலைகளில் மட்டும் சிறிதளவு சிலிக்கான் சீலன்ட் வைக்க வேண்டும். போல்ட்டுகளுக்குச் சுமார் 5 முதல் 9 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கசிவு நிற்கவில்லை என்று இன்னும் இறுக்குவது மூடியை வளைப்பதில்தான் முடியும்.

எந்தச் சீலை மாற்றுவதற்கும் முன் பிசிவி வால்வைப் பார்ப்பது நல்லது. வால்வு கவரில் செருகப்பட்டிருக்கும் இந்தச் சிறிய வால்வு அடைத்துக்கொண்டால், எஞ்சினுக்குள் உருவாகும் வாயு வெளியேற வழியின்றி, எல்லாச் சீல்கள் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று ஓசை வர வேண்டும்; வராவிட்டால் மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் பல இடங்களில் கசிவு தொடங்கியிருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

மேலே எல்லாம் உலர்ந்து, கியர்பாக்ஸ் கூட்டின் அடிப்பகுதி மட்டும் நனைந்திருந்தால்தான் கிராங்க் பின்புற சீலையோ கியர்பாக்ஸின் முன் சீலையோ சந்தேகிக்கலாம். இரண்டையும் மணம் பிரித்துக் காட்டும். கிளட்ச் ஃபோர்க்கின் ரப்பர் உறையை விலக்கி உள்ளே விளக்கடித்துப் பார்த்து, எஞ்சின் பக்கம் ஈரமா, கியர்பாக்ஸ் பக்கம் ஈரமா என்றும் அறியலாம். கிளட்ச் வழுக்கவோ அதிரவோ இல்லையென்றால், சிறிய கசிவுக்காக உடனே கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டு, கிளட்ச் மாற்றும் காலம் வரும்போது சீலையும் சேர்த்து மாற்றலாம். ஆயில் தொட்டியின் பின்மூலையில் சீலன்ட் விட்டுப்போவதும் இதே தோற்றத்தைத் தரும். அந்தத் தொட்டியைக் கழற்ற எஞ்சினையோ முன் குறுக்குச் சட்டத்தையோ அசைக்க வேண்டியிருப்பதால், மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகே அதன்மேல் பழி போட வேண்டும்.

அறிகுறி: எஞ்சினின் முன்புறத்தில் ஆயில்

டைமிங் பெல்ட் மூடியின் அடியிலிருந்து ஆயில் வந்தால், இரண்டு கேம் சீல்களில் ஒன்றோ கிராங்க் முன்புற சீலோ காரணம். மேல் மூடியைக் கழற்றினால் கேம் சீல்களின் நிலை தெரிந்துவிடும். டைமிங் பெல்ட்டை 60,000 மைல், அதாவது ஏறத்தாழ 96,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதால், மூன்று சீல்களையும் வாட்டர் பம்பையும் அந்த ஒரே வேலையில் சேர்த்து மாற்றுவதே அறிவுடைமை. ஆயில் பட்ட பெல்ட்டை மீண்டும் போடக் கூடாது.

1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட தொடக்க காலக் கார்களில் இங்கே தனிக் கவனம் தேவை. 1991 வரை வந்த பல எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. அதைப் பற்றியிருக்கும் போல்ட் தளர்ந்தால், சாவி (சிறு உலோகத் துண்டு) அமரும் பள்ளம் தேய்ந்து கிராங்கே பழுதாகும். கிராங்க் புல்லியின் நடுப்பகுதியில் நான்கு பிளவுகள் தெரிந்தால் அது குட்டை முனை. எட்டு தெரிந்தால் பிந்தைய நீண்ட முனை. குட்டை முனையாக இருந்து, முன்புற சீல் மிகச் சிறிதளவே கசிந்தால், அந்தப் போல்ட்டை அவசரப்பட்டுத் தொடாமல் பெல்ட் வேலை வரும்வரை காத்திருக்கவே நான் பரிந்துரைப்பேன். கழற்றும்போது சாவியையும் பள்ளத்தையும் நன்கு ஆராய்ந்து, புதிய போல்ட்டை உரிய முறுக்கில் இறுக்க வேண்டும். ஐடிலில் புல்லி ஆடுவது கண்ணில் பட்டால், கசிவை விட அதுவே அவசரமான விஷயம்.

அறிகுறி: இன்லெட் மேனிஃபோல்டின் அடியில் ஆயில்

ஆயில் ஃபில்டர் இந்தக் காரில் இன்லெட் மேனிஃபோல்டின் அடியில், கை நுழையவே கடினமான இடத்தில் இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றும்போது கொட்டிய ஆயில் பல நாட்கள் வழிந்துகொண்டிருக்கும். அது கசிவு அல்ல. ஆனால் ஆயில் மாற்றிய உடனே ஒழுக்கு பெரிதாக இருந்தால், எஞ்சினை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, புதிய வளையம் அதன்மேல் அமர்ந்திருக்கலாம். சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் வெளியேறிவிடும்.

ஃபில்டரின் அருகிலேயே ஆயில் அழுத்த சென்சார் உள்ளது. அதன் உலோகமும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் கசிவது வழக்கம். 1994 வரையிலான கார்களில் டேஷ்போர்டு முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டும். 1995 முதல் வந்தவற்றில் அது வெறும் சுவிட்ச்சின் கட்டளைக்கு இயங்கி, ஓரளவு அழுத்தம் இருந்தாலே நடுவில் நின்றுவிடும். ஆகவே பிந்தைய கார்களை வைத்திருப்பவர்கள் முள்ளை நம்பாமல் டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிடக் கூடாது. ஆயில் குறையும்போது ஹைட்ராலிக் வால்வு லிஃப்டர்கள் டிக் டிக் என்று தட்டுவதும் ஓர் எச்சரிக்கைதான்.

அறிகுறி: கூலன்ட் குறைகிறது

ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. புதிதாக இருக்கும்போது கறுப்பாக இருக்கும் அது, வயதாகும்போது பச்சை கலந்த பழுப்பு நிறத்துக்கு மாறும். பழுப்பாகிவிட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள், கசியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அது வெடிப்பது பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் நிகழும், அப்போது எஞ்சின் தலையையும் சேர்த்து இழக்க நேரிடும்.

தொட்டி நன்றாக இருந்தால், எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பின், ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக அழுத்தச் சோதனைப் பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்தைத் தாண்டாமல் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டைமிங் மூடியின் கீழிருந்து கூலன்ட் வந்தால் வாட்டர் பம்ப் காரணம். டேஷ்போர்டுச் சுவரின் அருகே வந்தால் ஹீட்டர் ஹோஸ். வெளியே எங்கும் ஈரமின்றி, முன்கண்ணாடியின் உட்புறம் வழவழப்பான படலம் படிந்து, காருக்குள் இனிப்பு நெடி அடித்தால் ஹீட்டர் கோர் (காரின் உள்ளே சூடேற்றும் சிறிய ரேடியேட்டர்). இவை எதுவுமின்றி அழுத்தம் மட்டும் இறங்கினால் தலைக் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

அறிகுறி: கிளட்ச் மிதி தளர்கிறது, கியர் விழ மறுக்கிறது

இங்கே தரையில் துளியே இல்லாமல் இருக்கலாம். கியர்பாக்ஸ் கூட்டின் பக்கவாட்டில் இருந்து, மிதி தரும் திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் இந்தக் காரின் அறியப்பட்ட பலவீனம். அதன் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் முடிந்தது. டேஷ்போர்டுக்கு அடியில், மிதியின் தண்டு சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். இரண்டில் ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே என் பரிந்துரை, ஏனெனில் அவை ஒரே வயதுடையவை.

பிரேக்கைப் பொறுத்தவரை சலுகையே கிடையாது. சக்கரத்தின் உட்புறம் மெல்லிய திரவம் வழிந்திருந்தாலோ, பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் அடியில் பெயின்ட் உரிந்திருந்தாலோ, சரிசெய்யும் வரை காரை ஓட்டக் கூடாது.

அறிகுறி: முன்பக்கம் சிவப்புத் திரவம்

பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் முதலில் ஹோஸ் இணைப்புகளையும், பிறகு ஸ்டீயரிங் ரேக்கின் இருபுற ரப்பர் உறைகளையும் பார்க்க வேண்டும். உறையை அமுக்கினால் உள்ளே திரவம் தளும்பினால் ரேக்கின் உள் சீல் போய்விட்டது.

அறிகுறி: பின் சக்கரங்களுக்கு இடையில் கசிவு

கந்தக நெடி அடிக்கும் தடித்த ஆயில் என்றால் டிஃபரன்ஷியல். முன்புறமுள்ள பினியன் சீலும், இருபுற ஆக்சில் சீல்களும் கசியக்கூடியவை. அவற்றை மாற்றுவதற்கு முன் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் சூடேறும் காற்று ஆயிலைச் சீல் வழியே தள்ளும். 1.6 லிட்டர் கார்களின் டிஃபரன்ஷியலில் இருப்பது சுமார் 0.65 லிட்டர் ஆயில் மட்டுமே என்பதால் சிறு கசிவையும் அலட்சியப்படுத்த முடியாது. ஆயிலை வடிப்பதற்கு முன், ஊற்றும் துளையின் மூடி திறக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வடித்த பின் அது திறக்காவிட்டால் கார் அங்கேயே நின்றுவிடும்.

பெட்ரோல் நெடி வந்தால் மற்ற எல்லாச் சோதனைகளையும் நிறுத்த வேண்டும். டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. பேட்டரியோ டிக்கியில் இருக்கிறது. காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிச் சென்று, எஞ்சினை இயக்காமல், பின்பகுதியில் அடியிலுள்ள பெட்ரோல் ஃபில்டரையும் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். அந்தப் பேட்டரியும் ஒரு கசிவு மூலமே. தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது அமிலம் சிந்தாத, வாயுவை வெளியேற்றும் குழாயுடன் கூடிய பேட்டரி. அதற்குப் பதிலாகச் சாதாரணப் பேட்டரியை வைத்தால், அதன் ஆவியும் அமிலமும் டிக்கித் தகட்டை அரித்துவிடும்.

அறிகுறி: வெறும் தண்ணீர்

ஏசி போட்டு ஓட்டிய பின் டேஷ்போர்டுக்கு நேர் கீழே சொட்டும் தெளிந்த நீர் இயல்பானது. காரின் உள்ளே கால்வைக்கும் இடத்திலோ இருக்கைக்குப் பின்னாலோ கம்பளம் நனைந்திருப்பது இயல்பானதன்று. மடிக்கும் கூரையில் விழும் மழைநீர், சீட் பெல்ட் கோபுரங்களின் அருகிலுள்ள இரண்டு வடிகால்கள் வழியாகப் பின் சக்கரங்களுக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் அதை அடைத்தால் நீர் உள்ளே புகும். பக்கவாட்டுப் பெட்டியும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். புல்வெட்டியில் பயன்படும் நைலான் இழையைக் கொண்டு மென்மையாகக் குத்தி அடைப்பை நீக்கிவிட்டு, ஒரு குவளை நீரை ஊற்றி, அது தரையில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் வடிகால் உடைந்திருக்கிறது.

சரிசெய்த பிறகும் சொட்டினால்

கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங்கை மாற்றிய பின்பும் சில வாரங்களுக்கு ஆயில் சொட்டக்கூடும். கியர்பாக்ஸ் கூட்டின் மடிப்புகளிலும், பிளாஸ்டிக் தட்டிலும், அலுமினியச் சட்டத்தின் உட்குழிவிலும் தேங்கிய பழைய ஆயில் மெல்ல இறங்குவதே காரணம். உடனே அடுத்த உறுப்பைக் கழற்றத் தொடங்காமல், அடிப்பகுதியை மீண்டும் ஒருமுறை கழுவி, அட்டையை விரித்து, வாரந்தோறும் கறையின் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். கறை சுருங்கிக்கொண்டே வந்தால் வேலை முடிந்தது. சுருங்காமல் நின்றால், ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, சென்சாரின் அடியிலிருந்தே தேடலை மீண்டும் தொடங்க வேண்டும்.